தண்டத்தில் பங்கு

கோட்டை நியாயசபையில் நாட்டார் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. பழவேற்காட்டில் உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், கோட்டை கட்டி ஆண்ட காலம் அது. அவர்கள் பேச்சைத் தமிழிலும் நம் பேச்சை அவர்கள் மொழியிலும் சொல்லும் துபாசியாக நான் அங்கே வேலை பார்த்தேன். திருப்பாலைவனத்து நெல் விவசாயி மகனான எனக்கு அந்த உத்தியோகத்தில் கொஞ்சம் திமிரும் உண்டு. குப்பத்து ஆள் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தது ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

இனி ஏரி வழக்குகளை ஏரி தெரிந்தவர் இல்லாமல் விசாரிப்பதில்லை என்று கோட்டை குப்பத்தாருக்கு வாக்குக் கொடுத்திருந்தது. அதற்காகத் தண்டோரா போட்டு ஆள் தேடி, மீனவர் குப்பத்துத் தலைவரான நாட்டாரை நியாயாதிபதியாக வைத்தார்கள். சம்பளத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. கோட்டை ஏற்பாடு அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவருடைய முதல் வழக்கே சிக்கலாக வந்தது. சுண்ணாம்புக்குளத்து மீனவன் ஒருவன் கோட்டைத் தோணிகள் போகும் வழியில் வலை கட்டிவிட்டான். கோட்டையின் வழக்கறிஞரைப் பிஸ்கால் என்பார்கள். அவர், கோட்டை பிடித்து வைத்திருந்த அந்த மீனவனுடைய படகையே தண்டமாகப் பறிக்கச் சொன்னார். அவனுக்கு இருந்தது அந்த ஒரு படகுதான். நாட்டார் என் பக்கம் திரும்பினார்.

"படகு யாருக்குப் போவும்?"

"வித்து மூணு பங்கு. ஒண்ணு கோட்டைக்கு, ஒண்ணு பிஸ்காலுக்கு, ஒண்ணு உங்களுக்கு. அதான் உங்க சம்பளம்."

அப்போதுதான் இறங்கினார். ஏரியில் மீன் பிடிக்கும் இடங்களைக் குப்பத்தார் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஓரிடத்தில் அன்றைக்குப் பாடு உள்ளவன் அந்த இடத்து வழக்கில் வாய் திறக்கக் கூடாது. தரையில் இறங்கி உட்கார்ந்துவிட வேண்டும்.

"இந்த வழக்குல எனக்குப் பாடு இருக்குது, நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன்னு சொல்லு."

சொன்னேன். பிஸ்காலுக்கு முகம் சிவந்துவிட்டது. கோட்டை தரும் கூலி ரொட்டிக்கே போதவில்லை, பங்கு இல்லாவிட்டால் பட்டினிதான் என்று கத்தினார். அதுவும் பொய்யில்லை.

"அப்போ அவருக்கும் சேத்து சம்பளம் கேக்குறேன்னு சொல்லு. நாங்க வலை போட்டா மீனுக்குன்னு சொல்லிட்டுப் போடுவோம். இவுங்க நாயம்னு சொல்லிட்டுப் போடுறாங்க."

அதை நான் விழுங்கியிருக்கலாம். துபாசிகளுக்கு அது கைவந்த கலை. அன்று என்னவோ ஒரு சொல் விடாமல் சொன்னேன். நாட்டாரை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மறுபடி தண்டோரா போட்டார்கள். ஒரு குப்பத்திலிருந்தும் ஒருவரும் வரவில்லை. கடைசியில் கோட்டைத் தலைவர், இத்தனை வருடம் ஏரி வழக்குகளைக் கேட்டவன் நீ, நீயே உட்கார் என்றார். எனக்கு ஆசை இல்லை என்றால் அது பொய். வீட்டில் பெருமையாகச் சொன்னேன். "இன்னா, அந்த ஆளு படகுல நமக்கும் பங்கா?" என்று மட்டும் என் மனைவி கேட்டாள். மறுநாள் முடியாது என்றேன். உள்ள வேலையும் போகும் என்றார். போகட்டும் என்றேன். வேறு துபாசி கிடைக்காததால் வேலை போகவில்லை.

விசாரிக்க ஆள் இல்லாததால் கண்டவர்கள் கண்ட இடத்தில் வலை கட்டினார்கள். கோட்டைத் தோணிகள் முகத்துவாரத்திலேயே நின்றன. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கோட்டைக்காரர்கள் இறங்கி வந்து நாட்டாரைக் கூப்பிட்டார்கள். நியாயாதிபதிக்கும் பிஸ்காலுக்கும் மாதம் தவறாமல் நெல், தண்டம் முழுவதும் ஏரி வழியைத் தூர் எடுக்க என்று முடிவாயிற்று. பிஸ்கால் அதற்குப் பிறகும் நாட்டாருக்கு ஒரு நன்றி சொல்லவில்லை.

திரும்பி வந்த நாட்டார் அதே வழக்கைத்தான் முதலில் எடுத்தார். இன்றைக்குச் சிலர், குப்பத்து ஆளைத் தப்பவிடத்தான் அவர் முரண்டு பிடித்தார் என்று கதை கட்டுகிறார்கள். அவர்கள் முகத்துக்கு நேரே சொல்கிறேன், அன்று நான் அங்கே இருந்தேன். "வலை வழியிலதான் இருந்துச்சு. தப்பு தப்புதான். படகை அவன்கிட்டயே குடுத்துடுங்க. ஒரு மாசப் பாட்டுல வர்ற மீனுல பாதி தண்டம்" என்று தீர்ப்புச் சொன்னார். கொண்டாட வந்திருந்த குப்பத்தார் முகம் தொங்கிப்போனது.

தண்டம் விழுந்த மீனவன் கரையில் படகை அவிழ்த்துக்கொண்டிருந்தான். வருத்தமா என்று கேட்டேன்.

"இன்னா வருத்தம்? கட்டிட்டுப் போறேன். என் தண்டத்தத் துன்றவன் யாரும் இல்ல இல்ல?" என்று சொல்லிப் படகைத் தண்ணீரில் தள்ளினான்.