இறங்குகிற அம்பு

தோப்பும்படிப் பாலத்தில் பாதி தூரம் வந்த பிறகுதான் குடையை அங்கேயே வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. மட்டாஞ்சேரியில் அந்த வீட்டு வாசலில், அண்ணனின் செருப்புக்குப் பக்கத்தில் அது சாய்ந்து நிற்கும். எடுக்கத் திரும்பிப் போக முடியாது. மழை பெரிதாக இல்லை. நனைந்துகொண்டே நடந்தேன். பையில் இரண்டு சட்டை, ஒரு கைலி, நாலாக மடித்த ஒரு நோட்டீஸ்.

அண்ணன் என்று சொன்னாலும் உடன்பிறந்தவர் இல்லை. பஜார் பக்கம் சுக்கும் மிளகும் வைக்கிற ஒரு கிடங்கில் நான் மூட்டை தூக்கினேன். நிரப்பிய சாக்குகளின் வாயைத் தைப்பது அவர் வேலை. கம்பம் பக்கத்து ஆள், கொச்சிக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் வந்து ஒன்றரை வருடம். அதற்கு முன் திருப்பூர், மங்களூர், கொஞ்ச நாள் பாலக்காடு. எந்த ஊரிலும் என் கால் நின்றதில்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். மலையாள எழுத்தை பஸ் போர்டுகளைப் பார்த்துப் பழகினேன். அதனால் ஊர்ப் பெயர் எல்லாம் சட்டென்று வரும். மற்றது தடுமாறித்தான் வரும். இதை நான் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. தமிழ் ஆட்களுக்கு நடுவே மலையாளம் படிக்கத் தெரிந்தவன் என்று ஒரு பெயர் எனக்கு இருந்தது.

கிடங்குத் தொழிலாளிகளுக்காகப் பக்கத்துப் பள்ளிக்கூட வராந்தாவில் ஒருநாள் முகாம் போட்டார்கள். விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், ரத்த குரூப்பை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். அண்ணனுக்கு ஓ பாசிட்டிவ், எனக்கு ஏ பாசிட்டிவ். அவருக்கு பிரஷர் மிகவும் அதிகம் என்று சர்க்கார் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார்கள். அங்கே மாதாமாதம் மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். எனக்குக் கொஞ்சம்தான் கூடுதல், உப்பைக் குறைத்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்கள்.

வெளியே வரும்போது ஆளுக்கு ஒரு மலையாள நோட்டீஸ் கொடுத்தார்கள். எந்த ரத்த குரூப்புக்கு எந்தத் தீராத நோய் வர வாய்ப்பு என்று அதில் ஒரு கட்டம் போட்டிருந்தது. ஏ, பி, ஏபி மூன்றுக்கும் நேரே மேல்நோக்கிச் சிவப்பு அம்பு. ஓ குரூப்புக்கு நேரே கீழ்நோக்கிப் பச்சை அம்பு. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அதை நான்தான் அண்ணனுக்குப் படித்துச் சொன்னேன். நெஞ்சு அடைப்பு, ரத்தம் கட்டுவது, சர்க்கரை.

"ஏறுற அம்பு யாருக்கு?"

"எனக்கு."

"எறங்குறது?"

"உங்களுக்குண்ணே."

"பெறகு மாத்திரைய எனக்கு எதுக்குடா எழுதுனான்? ஆள மாத்திக் குடுத்திருக்கானுக." அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இது ஓவா, சைபரா? நம்ம ரத்தத்துல ஒண்ணும் இல்லைங்கிறானா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் நாலைந்து வரிகள் இருந்தன. அண்ணன் அதில் விரலை வைத்தார்.

"கீழ என்னமோ போட்டிருக்கே?"

எல்லாம் கூட்டெழுத்து. எனக்கு முதல் சொல்லே பிடிபடவில்லை. "வழக்கமாப் போடுறதுதாண்ணே" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு சாயாவைக் குடித்தார்.

ஒரு வாரம் மாத்திரை போட்டார். கால் வீங்கியது. சாக்கு அடுக்கின் மேல் உட்கார்ந்து தைக்கிறபோது தலை சுற்றியது. எட்டாவது நாள் காலை சாயா நேரத்தில், சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"என்னதுண்ணே?"

"ஓம் பங்கு. அம்பு ஒன்னத்தான காட்டுது. போட்டுக்க."

சாயாவோடு விழுங்கினேன். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் மறுநாள் அவர் பைக்குள் கை விடுவதற்கு முன்பே என் கை நீண்டிருந்தது. என் அப்பா நாற்பத்திரண்டு வயதில் ஒரு கிணற்று வேலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. அவருக்கு என்ன குரூப் என்று கேட்டவர்கள் கிடையாது. எனக்கு அப்போது முப்பத்தொன்பது. தினமும் என் நெஞ்சுக்கென்று ஒரு மாத்திரை உள்ளே போவது நன்றாக இருந்தது. யார் பெயருக்கு எழுதியது என்பதை நான் யோசிக்கவில்லை.

வீட்டில் அண்ணி தினமும் தண்ணீரும் மாத்திரையும் கையில் கொடுத்துவிட்டு, ஓட்டலில் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். அண்ணன் அதைக் கைக்குள் மறைத்துக்கொள்வார். காலியான மாத்திரை அட்டைகளை அண்ணி ரப்பர் பேண்ட் போட்டு எடுத்து வைத்திருந்தாள். அடுத்த மாதம் வாங்கப் போகும்போது காட்டுவதற்கு.

மலையாளத்தில் 'கழிப்பது' என்றால் சாப்பிடுவது. தமிழில் வேண்டாததைத் தள்ளுவது. கொச்சிக்கு வந்த புதிதில் நாங்கள் எல்லோரும் இதில் ஒருமுறையாவது மாட்டியிருக்கிறோம். அண்ணன் மாட்டியது இருபது வருடத்துக்கு முன்னால். இப்போது அந்தச் சொல்லை அவர் வேண்டுமென்றே பயன்படுத்தினார். மாதம் ஒருமுறை கிடங்குப் பக்கம் வரும் சர்க்கார் நர்ஸ் கையில் நோட்டோடு நின்று கேட்பாள்.

"சேட்டா, மருந்து கழிச்சோ?"

"கழிச்சு சிஸ்டரே. ஒரு திவசம் போலும் விட்டில்ல."

ஒரு நாள்கூட விடவில்லை என்று அவள் எழுதிக்கொண்டு போவாள். போனதும் என் பக்கம் திரும்பிக் கண்ணடிப்பார். "பொய்யா சொன்னேன்? தமிழ்ல கழிச்சாச்சு. அவ மலையாளத்துல எழுதிக்கிறா."

நானும் சிரித்தேன். நாலு மாதம் சிரித்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். கோணி ஊசி கையிலிருந்து விழுந்தது. நான் கீழே இருந்தேன், எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு என்னைப் பார்த்தார். நர்ஸ் போன பிறகு அவளைப் போலவே முகத்தை வைத்துக் காட்டுவார். அந்த மாதிரி என்று நினைத்தேன். "போதும்ணே, ஊசியப் பிடிங்க" என்று சிரித்தேன். எவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டு நின்றேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அவர் அப்படியே சரிந்து இரண்டு மூட்டைகளுக்கு நடுவில் விழுந்தார்.

பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த நாட்களில் நான் போய் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டு வருவேன். உள்ளே போகவில்லை. கிடங்கில் மாத்திரை இல்லாத முதல் காலையில் சாயா கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, என் கை தானாக நீண்டதைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் பார்க்கப் போனேன். ஒரே அறை. கட்டிலில் அண்ணன், கீழே அண்ணி. என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து ரப்பர் பேண்ட் போட்ட அந்த அட்டைக் கட்டை எடுத்து வந்தாள்.

"பாருங்க தம்பி. ஒரு நாள் தவறல. பெரிய டாக்டர்கிட்ட இதைத்தான் காட்டுனேன். இவ்வளவு போட்டுமா இப்படி ஏறுச்சுன்னு, இந்த மாத்திரை இவருக்குப் பத்தாதுன்னு சொல்லி வீரியமா ரெண்டு எழுதிக் குடுத்திருக்காரு."

"இப்ப எப்படி இருக்காரு?"

"நிமித்தி உக்கார வச்சா கண்ணு சொருகிருது. நேத்து சுவத்துல தல மோதிருச்சு. ஒடம்பு தேறலன்னு நெனைக்கிறேன்."

அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு இல்லாவிட்டாலும் புத்தி தெளிவாக இருந்தது. அவள் கையில் இருந்த அட்டைக் கட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சொல் என்கிறாரா, சொல்லாதே என்கிறாரா, தெரியவில்லை. சொல்லாமல் விட்டால் அவள் மனதில் தன் பக்கம் குறை இல்லை என்ற ஒன்றாவது மிஞ்சும். அது ஒன்றுதான் அவளிடம் மிச்சம் இருந்தது. ஆனால் பழையதைப் போட்டும் கேட்காதவர் என்று நினைத்து எழுதிய அந்த ரெண்டு வீரிய மாத்திரை நாளைக்கும் அவர் வாயில் போகும், கண் இன்னும் சொருகும்.

சொன்னேன். நோட்டீஸ், அம்பு, சாயா, நாலு மாதம், எல்லாம். என்னால் படிக்க முடியாத அந்த வரிகளையும் சொன்னேன்.

அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்ப முயன்றார். உடம்பு திரும்பவில்லை. முகம் மட்டும் கொஞ்சம் போயிற்று.

அண்ணி அட்டைக் கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினாள், மறுபடி போட்டாள்.

"உங்களுக்கு ஒத்துக்கிச்சா?"

"என்னது?"

"மாத்திரை."

"ம்."

"கால் வீங்கலையா?"

"இல்ல அண்ணி."

"சரி." அட்டைக் கட்டை அவர் தலைமாட்டில் வைத்தாள். "நாளைக்குக் காலைல டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க கெளம்புங்க தம்பி. நல்லா இருங்க."

திட்டியிருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். அவள் அப்படிச் சொன்ன பிறகு உட்கார முடியவில்லை. தங்கியிருந்த இடத்துக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன்.

பாலம் தாண்டி ஒரு பஸ் நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கினேன். நோட்டீஸை எடுத்துப் பொடி எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டினேன். மூன்று பஸ் போனது. நான் பிடித்த அளவில் அது இதுதான்: குரூப்பால் வரும் வித்தியாசம் சிறியது. எந்த குரூப் ஆனாலும் பிரஷரும் சர்க்கரையும் புகையும்தான் பெரிது. மருந்தை இடையில் விடக் கூடாது. அவ்வளவுதான். மூன்று பஸ் போகிற நேரம் அன்றைக்கு டீக்கடை பெஞ்சில் எனக்கு இருந்தது. தெரியவில்லை, யாரிடமாவது கேட்போம் என்று சொல்ல அதைவிடக் குறைவான நேரம் போதும். நாலாக மடித்து மறுபடி பையில் வைத்தேன்.

ஏலூரில் உர மூட்டை ஏற்ற ஆள் எடுக்கிறார்கள் என்று கிடங்கில் யாரோ முன்பு சொன்னது ஞாபகம் இருந்தது. மறுநாள் காலை அந்தக் கம்பெனி கேட்டில் நின்றேன். கான்ட்ராக்டரின் ஆள் பெயர், வயது கேட்டு எழுதினான். பாஸில் போட பிளட் குரூப் கேட்டான். சட்டைப் பையிலிருந்த முகாம் அட்டையை நீட்டினேன். பெரிய எழுத்தில் ஏ பிளஸ் என்று எழுதிக்கொண்டான்.

பக்கத்து அறையில் கம்பவுண்டர் மாதிரி ஒருவர் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார்.

"கொறச்சு கூடுதலாண். குழப்பமில்ல." பட்டையை அவிழ்த்துக்கொண்டே, ஏதாவது மருந்து சாப்பிடுகிறேனா என்று கேட்டார். "மருந்து வல்லதும் கழிக்குந்நுண்டோ?"

நாக்கில் வந்த 'கழிச்சு' என்ற சொல்லை விழுங்கினேன்.

"இல்ல" என்றேன்.

கையெழுத்துப் போட்டுப் பாஸைக் கொடுத்தார். எட்டு மணிக்கு உள்ளே விட்டார்கள். அங்கே மூட்டையின் வாயைத் தைப்பது மெஷின். ஒரு மூட்டை அதன் அடியில் நகர்ந்து வர எண்ணி ஐந்து நொடி. தைத்து வருவதைத் தூக்கி லாரியில் அடுக்குவது என் வேலை.