விரால் அடித்தால் ஓடக் கூடாது

என் தூண்டிலை முதன்முதலாக ஒரு மீன் அடித்தபோது நான் அந்த இடத்தில் இல்லை. கம்பைக் கரையிலேயே போட்டுவிட்டு, இருபது தப்படி தள்ளி ஒரு சீமைக் கருவேல மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கால் செருப்பு வழியிலேயே கழன்று கிடந்தது. கம்பு மெதுவாகத் தண்ணீருக்குள் இழுபட்டுப் போவதை அங்கிருந்தே பார்த்தேன். என் மனைவிதான் முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி அதை எட்டிப் பிடித்தாள். அதற்குள் மீன் போய்விட்டது.

"ஏங்க, நீங்க மீனப் பிடிக்க வந்தீகளா, மீன் உங்களப் பிடிக்க வந்துச்சா?" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்புத் தாங்கவில்லை. ஈரச் சேலையோடு கரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வாய மூடுறியா" என்று கத்திவிட்டு பைக்கைப் பார்த்து நடந்தேன். அவள் சிரித்ததற்கு வந்த கோபம் இல்லை அது. அவள் பக்கத்தில் இருக்கும்போதே மறுபடியும் ஓடிவிட்டேனே என்ற கோபம்.

மறுபடியும் என்றேன் அல்லவா, அதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் இருவரும் தாயில்பட்டிப் பக்கம் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் மருந்து செலுத்துகிற ரூமில். அவள் நாலு ரூம் தள்ளி, சரம் பின்னுகிற பெண்களோடு. எங்கள் ஊர்ப் பக்கம் மருந்து என்றால் காய்ச்சலுக்குச் சாப்பிடுவது இரண்டாவது அர்த்தம்தான், வெடிக்குள் போவதுதான் முதல் மருந்து. ஒருநாள் மத்தியானம், என் ரூமுக்குப் பின்னால் மேடையில் காயப் போட்டிருந்த சரக்கு வெடித்தது. நல்லவேளை, அந்த நேரம் மேடைப் பக்கம் யாரும் இல்லை. ஒரு கூரை பறந்ததோடு போயிற்று. ஒருவருக்கும் காயம்கூட இல்லை.

சத்தம் கேட்டால் ஓட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்களுக்குச் சொல்லித் தருவது இதைத்தான். நானும் அப்படியே ஓடினேன். வேலியைத் தாண்டி மக்காச்சோளக் காட்டுக்குள் போய் மூச்சு வாங்கி நின்றபோதுதான் உறைத்தது. நான் ஓடி வந்தது என் மனைவி இருந்த ரூம் வாசல் வழியாக. கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே ஒரு பார்வை பார்க்கவில்லை. "வா" என்று ஒரு குரல்கூடக் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து கம்பெனி கேட்டுக்கு வெளியே மற்ற பெண்களோடு அவளைப் பார்த்தேன். "அடி எதுவும் படலையே?" என்று என் கையைத் தடவிப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினேன். அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு அவளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அவள் சோறு போடும்போதெல்லாம் அந்தத் திறந்த கதவு என் கண் முன்னால் நின்றது. இவளை விட்டுவிட்டு ஓடியவன்தானே நான் என்று தோன்றும். சாப்பாடு இறங்காது.

அதோடு உடம்பும் கெட்டுப்போனது. குக்கர் விசில் அடித்தால் அடுப்படியிலிருந்து தெருவுக்கு வந்துவிடுவேன். யாராவது தகர டப்பாவைக் கீழே போட்டால் போதும், நெஞ்சு வாய்க்கு வந்துவிடும். மருந்து ரூமில் இனி சரிப்பட்டு வராது என்று கம்பெனியில் என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அங்கே அட்டைப்பெட்டியும் பசை டேப்பும்தான். டேப்பைக் கிழிக்கிற சத்தத்துக்கே துள்ளுவேன் என்பது வேறு விஷயம்.

இப்படியிருந்தபோது, போன தீபாவளி முடிந்து கம்பெனிகள் மூடியிருந்த நாட்களில், கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மச்சினன் வந்தான். ஆன்லைனில் வாங்கிய ஒரு தூண்டில் கம்பு, ரீல், மீனுக்கு இரையாகக் கட்டி எறிய ஒரு டப்பா நிறைய ரப்பர் தவளைகள். ஒரு மாதம் ஆசையாக வைத்திருந்து அலுத்துப்போய் என் தலையில் கட்டினான். "மச்சான், இத வச்சுக்கிடுங்க. தண்ணியப் பாத்துக்கிட்டு நின்னா மனசு லேசாயிரும். ஒரு சத்தம் இருக்காது" என்றான். பேச்சு என்றால் அவனிடம்தான் கேட்க வேண்டும். அவனே ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

போனில் வீடியோக்களும் காட்டிவிட்டுப் போனான். எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள். 'பாஸ்' என்று ஒரு மீனாம். தவளையைத் தூக்கி எறிகிறார்கள், இழுக்கிறார்கள், கூடை அகலத்துக்கு வாயைத் திறந்துகொண்டு அது வருகிறது. எங்கள் ஊரில் டீக்கடையில் முகம் தெரியாத பையனைக்கூட 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு மீனுக்கு இம்புட்டு மரியாதையா என்று இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்து வெம்பக்கோட்டை அணையில் அந்த மீனுக்கு எங்கே போவது? ஆனால் விரால் இருந்தது. அதுவும் செடிகொடிக்குள் பதுங்கிக் கிடந்து தவளையை அடிக்கிற ஜாதிதான். மழை பெய்து தண்ணீர் ஏறி, கரையோரம் அல்லி இலை படர்ந்து கிடந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் ஒரு வாரம் என்னைப் பார்த்தவர்கள் நான் மரத்துக்குத் தூண்டில் போட வந்திருக்கிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். முன்னால் எறிந்தால் பின்னால் கருவேலத்தில் மாட்டும். ஒருமுறை என் சட்டைக் காலரிலேயே தூண்டில் முள் ஏறிவிட்டது. ரீலில் தூண்டில் நரம்பு சிக்கிக் குருவிக்கூடாகும். பொறுமை இல்லாத ஆள் நான், இரண்டு முறை நரம்பைப் பல்லால் கடித்தே துப்பினேன். மூன்றாம் நாள் சிக்கோடு வீட்டுக்குக் கொண்டுவந்ததை மனைவி வாங்கிப் பார்த்தாள். இருபது வருஷம் சரம் பின்னிய விரல்கள். டீ ஆறுவதற்குள் மொத்தத்தையும் பிரித்துவிட்டாள். "நானும் வாரேன், வீட்டுல என்ன செய்ய?" என்றாள். அன்றிலிருந்து காலையில் இரண்டு பேரும் போக ஆரம்பித்தோம்.

எறிவது ஒருவாறு பிடிபட்டது. இழுப்பதுதான் வரவில்லை. தவளை தண்ணீர் மேல் தாவித் தாவி வர வேண்டும், அதற்குக் கம்பை வெட்டி வெட்டி இழுக்க வேண்டும். என் கைக்கு அது ஆகவே இல்லை. மருந்து வேலையில் எதையும் இழுக்கக் கூடாது, உரசக் கூடாது, தட்டக் கூடாது. மருந்துத் தட்டைத் தூக்கித்தான் எடுக்க வேண்டும், பூ வைப்பதுபோல் வைக்க வேண்டும். அந்தப் பழக்கம் விரல் நுனிவரை ஊறிக் கிடந்தது. என் தவளை செத்த தவளையாக மிதந்து வந்தது. "அது என்ன, மருந்துத் தட்டா? தைரியமா இழுங்க, வெடிக்காது" என்று அவள் கரையில் உட்கார்ந்து கிண்டல் செய்வாள். நாளாக நாளாகக் கை கொஞ்சம் முரடாயிற்று. அப்படித் தைரியமாக இழுத்த ஒரு காலையில்தான் முதல் விரால் அடித்தது.

சத்தமே இருக்காது என்றானே என் மச்சினன், அவனை அன்று நேரில் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. அசையாத தண்ணீர், இலைகளுக்கு நடுவே தவளை, திடீரென்று 'டொப்'. தண்ணீர் வெடித்து மேலே தெறித்தது. ஊசி வெடி ஒன்றைக் காதருகே வைத்ததுபோல் இருந்தது. அடுத்து நான் மரத்துக்குப் பின்னால் இருந்தேன்.

அன்று கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவன், கம்பை மூலையில் சாத்திவிட்டு இனி அணைப் பக்கமே போவதில்லை என்றேன். மறுநாள் காலையில் குளித்துத் தலை முடிந்து பைக் பக்கத்தில் நின்றாள். "வாங்க, எனக்கு ஒரு யோசனை இருக்கு" என்றாள்.

அவள் யோசனை இதுதான். நான் தண்ணீரைப் பார்த்து எறிந்துகொண்டிருக்க வேண்டும். அவள் பின்னால் நின்று, தோன்றும்போது ஒரு கல்லை என் முன்னால் தண்ணீருக்குள் போடுவாள். எப்போது போடுவாள் என்று சொல்ல மாட்டாள். நான் ஓடக் கூடாது, மூன்று வரை எண்ண வேண்டும். வீடியோவிலும் அதைத்தான் சொன்னார்கள்: மீன் அடித்ததும் இழுத்துவிடாதே, தவளையை அது முழுசாக வாய்க்குள் வாங்கட்டும், பொறு.

முதல் கல்லுக்கு மரத்துக்கே போய்விட்டேன். இரண்டாவதற்குப் பாதி தூரம். அன்று மடி நிறையக் கல் தீர்ந்தது. அடுத்த நாள் இரண்டு அடி மட்டும் பின்னால் ஓடி நின்றேன். நாலாம் நாள் தோள் மட்டும் தூக்கிப் போட்டது. ஆடு மேய்க்க வந்த ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "என்னம்மா, வீட்டுக்காரர கல்லக் கொண்டு எறியிற?" என்று கேட்டார். "பழக்குறேன்ணே" என்றாள் இவள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சத்தத்தை வைத்து நான் சிரித்து இரண்டு வருஷமாகியிருந்தது.

பத்தாம் நாளோ என்னவோ, அவள் கல் பொறுக்கக் குனிந்திருந்த நேரம், இலை ஓரத்தில் 'டொப்' என்றது. கல் என்றுதான் நினைத்தேன். ஒன்று, இரண்டு என்று வாய் எண்ணியது. கம்பு கையில் கனத்தபோதுதான் மீன் என்று புரிந்தது. மூன்று வரை பொறுக்க முடியவில்லை, பதறி இழுத்தேன். விரால் ஒருமுறை வெள்ளை வயிற்றைக் காட்டிப் புரண்டுவிட்டுத் தவளையைத் துப்பியது. போயிற்று. குனிந்து என் கால்களைப் பார்த்தேன். இரண்டும் எறியும்போது நின்ற அதே இடத்தில், சேற்றில் புதைந்து நின்றன.

"நின்னுட்டீக!" என்று அவள் கத்தினாள். மீன் போனதைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. எனக்கு ஏனோ கண் நிறைந்துவிட்டது. இனி மறைக்க முடியாது என்று தோன்றியது.

"அன்னிக்கும் இப்படி நின்னுருக்கணும் புள்ள" என்றேன். "ஒன் ரூம் வாசல் வழியாத்தான் ஓடுனேன். கதவு தெறந்துதான் இருந்துச்சு. நா உள்ள பாக்கவே இல்ல. ஒன்னய விட்டுட்டு ஓடிட்டேன்."

அவள் கையிலிருந்த கற்களை ஒவ்வொன்றாகக் கீழே போட்டாள். திட்டப் போகிறாள், திட்டட்டும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன்.

"பாத்திருந்தாலும் நா அங்கன இருந்திருக்க மாட்டேன்" என்றாள். "சத்தம் கேட்டதுமே பின்பக்கக் கதவு வழியா ஓடிட்டேன். சத்தம் உங்க ரூம் பக்கமிருந்து வந்துச்சுன்னு எனக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சேதான் அதுக்கு எதிர்ப்பக்கமா ஓடுனேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதுல பாருங்க, என் தூக்குச்சட்டிய மறக்காம எடுத்துக்கிட்டு ஓடியிருக்கேன். உங்க ஞாபகம் கேட்டுக்கு வந்து சேந்த பொறகுதான் வந்துச்சு. இத எப்படிங்க உங்ககிட்ட சொல்லுவேன்?"

நான் அவளைப் பார்த்தேன். இரண்டு வருஷம், ஒரே வீட்டில், ஒரே பாயில், ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு இதையே நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறோம். "தூக்குச்சட்டியில என்ன இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"புளியோதரை."

அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று பிடித்துக்கொண்டது. கரையில் உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தோம். ஓய்ந்ததும் அவள் எழுந்து, "குடுங்க, நானும் ஒருவாட்டி எறிஞ்சு பாக்கேன்" என்று கம்பை வாங்கினாள். என்னைவிட அழகாகவே எறிந்தாள். தவளை அல்லி இலை ஓரத்தில் போய் விழுந்தது. அவள் அதை இழுக்க மறந்து என்னைத் திரும்பிப் பார்த்து, இன்னமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்போது அடித்தது பாருங்கள் ஒரு விரால்.

அவள் அலறிக்கொண்டு கம்பைப் போட்டாள். பத்து நாள் பழகியது, கால் சேற்றில் புதைந்து நின்றது எல்லாம் எங்கே போயிற்றோ, நானும் ஓடினேன். கருவேலத்துக்கு அப்பால் போய் மூச்சு வாங்கி நின்றபோதுதான் பார்த்தேன், அவள் மணிக்கட்டு என் கைக்குள் இறுக்கமாக இருந்தது.