முதல் ஆளாக அக்கா

சாப்பாட்டு டப்பாவை ஜன்னல் பக்கமாகத் திருப்பினாள். வெளிச்சம் சோற்றின் மேல் விழுந்தது. பையிலிருந்து இன்னொரு கோப்பையை எடுத்துத் தன் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். அதில் தேநீர் கிடையாது. அது தெரியாமல் எடுக்கும் கோணம் அவளுக்கு அத்துபடி. படத்தை ஸ்டேட்டஸில் ஏற்றிவிட்டு, போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தாள். இனி அக்காவின் பெயர் வரும்வரை முதல் வாய் உள்ளே போகாது.

பல் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பஞ்சம்மா என்று பெயர். பல் பிடுங்கிய பள்ளத்தில் பஞ்சை வைத்து, தாடையைத் தன் கையாலேயே மூடிவிடுகிறவள் என்பதால் டாக்டரம்மா வைத்தது. ஐம்பதைத் தாண்டியவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. வேலை முடிந்தால் ஒற்றை அறை, ஒற்றை நாற்காலி. அந்த நாற்காலியை மட்டும் படம் எடுக்க மாட்டாள்.

“ரெண்டு கப்பு யாருக்கு பஞ்சம்மா? எங்களுக்குத் தெரியாம ஆளு கீளு சேத்துட்டீங்களா?” என்பாள் முன்னறையில் டோக்கன் கொடுக்கும் பெண்.

“கூட யாரோ இருக்கற மாதிரி தெரியணும்டி. இல்லன்னா அவ மனசு கேக்காது.”

அவள் என்றால் அக்கா. அம்மா செத்த வீட்டில், உறவெல்லாம் கூடியிருக்க, “படுக்கையில கிடந்தப்ப விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போனவதான நீ” என்று அக்கா கேட்டதோடு பேச்சு நின்றுபோனது. நம்பரை மட்டும் இருவரும் அழிக்கவில்லை. பஞ்சம்மா படம் போட்டால், பார்த்தவர்களில் முதல் ஆளாக அநேகமாக அக்கா இருப்பாள்.

“பாத்துட்டா. பேசத்தான் மாட்டா. எங்கம்மாவோட வீம்பு அப்படியே இறங்கியிருக்கு.” இதைப் பெருமையாகவே சொல்வாள். பெயர் சீக்கிரம் வந்த நாளில், ஊசிக்கு அழும் குழந்தைகளுக்கு யானைக் கதை கிடைக்கும். தாமதமான நாளில், கருவிகள் வைக்கும் தட்டு தொட்டியில் விழுகிற சத்தம் தெருவரை கேட்கும். “அக்கா இன்னும் பாக்கல போல,” என்பார் டாக்டரம்மா, குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் வாயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒருமுறை காய்ச்சலில் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஊசி ஏற்றிய கையைப் படம் எடுத்துப் போட்டாள். அக்கா பார்த்தாள், வரவில்லை. “பாத்துட்டு உக்காந்து அழுதிருப்பா. அழுத மூஞ்சியோட வர வெக்கமா இருந்திருக்கும்,” என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் அக்காவுக்காக வாதாடினாள். இந்த வேலையில் சேர்ந்த நாளன்று பச்சைச் சட்டையோடு பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று எடுத்த படத்தையும் அக்காதான் முதலில் பார்த்தாள்.

போன வாரம், கன்னம் வீங்கிய ஒரு அம்மாள் துண்டால் தாடையைத் தாங்கியபடி வந்து நாற்காலியில் சாய்ந்தாள். கழுத்தில் துணி கட்டப் பஞ்சம்மா குனிந்தாள்.

“நீ இங்கயா இருக்க?” என்றாள் அக்கா.

பஞ்சம்மாவின் விரல் முடிச்சிலேயே நின்றது. “போட்டிருந்தேனேக்கா. போர்டுக்குக் கீழ நின்னு.”

“எங்க போட்ட?”

“ஸ்டேட்டஸ்ல. எல்லாத்தையும் நீதான முதல்ல பாக்குற.”

“நானா?” வலியோடு சிரித்தாள் அக்கா. “பேத்திக்குச் சோறு ஊட்டறப்ப போனை சொம்புல சாச்சு வெச்சு எல்லார் ஸ்டேட்டஸையும் ஓட விட்ருவேன்டி. அது பாட்டுக்கு ஒண்ணு மாத்தி ஒண்ணு ஓடும். எதாவது மாறிக்கிட்டே இருந்தாத்தான் அவ வாயைத் தொறப்பா. நான் அவ வாயைப் பாப்பனா, போனைப் பாப்பனா?” பிறகு தங்கையை மேலும் கீழும் பார்த்தாள். “எளச்சுட்ட. நீ இங்க இருக்கறது தெரிஞ்சிருந்தா…”

டாக்டரம்மா ஊசியோடு வந்துவிட்டார். அக்கா வாயைத் திறக்க வேண்டியதாயிற்று.

எச்சில் உறிஞ்சும் குழாயைப் பஞ்சம்மா பிடித்துக்கொண்டாள். அக்காவின் கண்ணோரம் வழிந்ததை, எல்லாருக்கும் துடைப்பதுபோலத் துடைத்தாள். பல் வந்தது. பஞ்சை வைத்துத் தாடையை மூடினாள்.

வாசல்வரை போன அக்கா திரும்பினாள். மரத்த உதட்டை அசைத்து எதையோ சொல்லத் தொடங்கினாள். தெரிந்திருந்தால் முன்பே வந்திருப்பேன் என்பதா, வேறு டாக்டரிடம் போயிருப்பேன் என்பதா?

“பேசக் கூடாது,” என்றாள் பஞ்சம்மா, எல்லா நோயாளிகளுக்கும் சொல்லும் அதே குரலில். “பேசினா ரத்தம் வரும். கிளம்பு.”

அக்கா தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

“அக்காவாமே. ரெண்டு பேரும் நல்லா பேசினீங்களா?” என்று கேட்டாள் டோக்கன் பெண்.

“வாயில பஞ்சு. என்னத்தப் பேசறது.”

அன்று தட்டு எதுவும் விழவில்லை. அதுதான் டாக்டரம்மாவுக்கு என்னவோபோல் இருந்தது.

மறுநாள் மத்தியானம் டப்பா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. இரண்டாவது கோப்பை பையிலேயே கிடந்தது. பஞ்சம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் போனில் தேடினாள். மஞ்சள் வாத்துக் குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் குதிக்கும் வீடியோ ஒன்று அகப்பட்டது. அதை ஏற்றிவிட்டு, போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தாள்.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. முதல் ஆளாக அக்காவின் பெயர் வந்தது. பஞ்சம்மா ஒரு வாய் எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டாள்.