கல்மூஞ்சி

என் அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் வைத்த பெயர் கல்மூஞ்சி. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் தலையை ஸ்கேன் எடுப்பது அவள் வேலை. உச்சந்தலையில் எலும்பு மூடாமல் மெத்தென்று இருக்குமே, அங்கே ஜெல் தடவிக் கருவியை வைத்து, மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதா என்று படம் பிடிப்பாள். முடிவைச் சொல்ல வேண்டியது டாக்டர். ஆனால் பெற்றவர்களுக்கு அதுவரை பொறுமை ஏது? திரை புரியாது என்பதால் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதில் ஒன்றும் தேறாது.

இத்தனைக்கும், சிரிப்பை அடக்கத் தெரியாமல் வகுப்புக்கு வெளியே நின்று நின்றே படித்தவள் அவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தாயைப் பார்த்து, சும்மா ஒரு மரியாதைக்குப் புன்னகைத்திருக்கிறாள். குழந்தை நன்றாக இருக்கிறது என்று அந்தப் பெண் உறவுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். பிறகு டாக்டர் வந்து சொன்னது வேறு. "நீங்க சிரிச்சீங்களே?" என்று மட்டும் அவள் கேட்டாளாம். அன்றோடு அந்த வார்டில் அக்கா சிரிப்பதை விட்டுவிட்டாள். எனக்கு இதெல்லாம் கொஞ்சம் ஓவராகத்தான் பட்டது.

பிறகு என் முறை வந்தது. மாதம் நிறைவதற்கு ரொம்ப முன்பே வலி கண்டுவிட்டது. பிரசவ டாக்டர் ஸ்டீராய்டு ஊசி போட்டார்.

"இது உனக்கில்லம்மா, உள்ள இருக்கற குழந்தைக்கு. நுரையீரல் சீக்கிரம் தேறும். மூளையில ரத்தம் கசியற ஆபத்தும் குறையும். நாளைக்கு இன்னொண்ணு போடணும். அதுவரைக்கும் வலியை அடக்கி வைக்கப் பார்க்கறோம்."

"அப்ப கசியவே கசியாதா, டாக்டர்?"

"குறையும்னுதான் சொன்னேன்."

என் வீட்டுக்காரர் வராந்தாவை நடந்தே தேய்த்துக்கொண்டிருந்தார். அக்கா கட்டிலருகே வந்து என் கையை இறுக்கிப் பிடித்தாள். "தாங்கிக்கடி. ரெண்டாவது ஊசி போடற வரைக்கும் தாங்கிக்கோ. அப்புறம் பார்த்துக்கலாம்."

தாங்கினேன். மருந்துதான் வலியை நிறுத்தியது என்பார்கள். என் பிடிவாதத்துக்கும் அதில் பங்கு உண்டு, யாரும் இல்லையென்று சொல்ல வேண்டாம். இரண்டாவது ஊசியும் போட்டு, அதற்கு மறுநாள்தான் மகள் பிறந்தாள். கோழிக்குஞ்சு போல இருந்தாள்.

தலையை ஸ்கேன் எடுக்கும் நாளன்று வார்டில் அக்காவின் டியூட்டி. சொந்தத் தங்கச்சி குழந்தையாயிற்றே, வேறு ஆளை அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். "நானே எடுக்கறேன்" என்றுவிட்டாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு மகளின் உச்சந்தலையில் கருவியை வைத்தாள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து நான் அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்குப் பயமென்றால் அப்படி ஒரு பயம். கூடப் பிறந்தவள், பொய் சொன்னால் மூக்கு விடைக்கும் என்பதுவரை எனக்குத் தெரியும். அன்றைக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"அக்கா, தலையையாவது ஆட்டேன்!"

ஜெல்லைத் துடைத்தாள். பெட்டியை மூடினாள். மெஷினைத் தள்ளிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள்.

குழந்தை டாக்டர் வர நேரமாகிவிட்டது. படங்களைப் பார்த்துவிட்டு வந்து, நின்றபடியே சொன்னார்: "ரத்தக்கசிவு எதுவும் இல்லம்மா. அடுத்த வாரம் இன்னொரு தடவை பார்த்துடலாம்."

அழுதேன், சிரித்தேன், மறுபடி அழுதேன். எல்லாம் ஓய்ந்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வராந்தாவில் அக்காவைப் பிடித்துவிட்டேன்.

"நீயெல்லாம் ஒரு அக்காவா? நல்லா இருக்குன்னு தெரிஞ்சும் கல்லு மாதிரி நின்னியே!"

"பக்கத்துப் பெட்டிக் குழந்தையோட அம்மா என் மூஞ்சியத்தான் பார்த்துக்கிட்டிருந்தா. உன்னைப் பார்த்து சிரிச்சிருந்தா, அடுத்து தன்னைப் பார்த்தும் சிரிக்கறேனான்னு பார்ப்பா."

"சிரிச்சுட்டுப் போறது! வாயில முத்தா உதிர்ந்துடும்?"

அக்கா வார்டுப் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தேன். எனக்கு நின்றபடியே சொல்லிவிட்டுப் போன டாக்டர், அந்தப் பெண்ணின் அருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டிருந்தார்.

மகளுக்குப் பால் கொண்டுபோகிற நேரம். அந்த நாற்காலியைத் தாண்டித்தான் போக வேண்டும். முகத்தை அழுத்தித் துடைத்தேன். சிரிப்பு ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று அக்காவிடம் காட்டினேன். அவள் இல்லையென்று தலையசைத்த பிறகு உள்ளே போனேன்.