நாளுக்கு ஐம்பத்து மூன்று ஆமென்

என் வீட்டுக்காரரின் பேச்சு ஒரு வியாழக்கிழமை காலையில் நின்றுபோனது. அவர் பெயர் சூசை. வண்டூர் ஜெட்டியில் சுற்றுலா போட் ஓட்டுகிறவர். அன்று ஆட்களை ஏற்றிவிட்டு எஞ்சினைக் கிளப்பப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள். உயிர் தங்கியது. வலது கை மெல்ல மெல்ல அசைந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். பதில் சொல்லத்தான் வார்த்தை கிடைக்காது.

அன்பானவர்களே, நான் பிலோமினா. குமரிக் கடற்கரையிலிருந்து இந்தத் தீவுக்கு வந்து பிழைக்கிற குடும்பம். இதை உங்கள் முன்னால் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். ஆண்டவர் செய்த நன்மையோடு நான் செய்த தப்பும் இதில் இருக்கிறது. ஒன்றை மறைத்துவிட்டு மற்றொன்றை மட்டும் சொன்னால் அது சாட்சியாகாது.

எங்களுக்கு ஒரே மகள், ஜெசி. கார் நிக்கோபார் தீவில் டீச்சர். நினைத்தவுடன் வர முடியாது, கப்பல் டிக்கெட் கிடைக்க வேண்டும். அதனால் ஞாயிறு பூசை முடிந்ததும் போன் செய்வாள். முதலில் எடுப்பது அப்பாதான். எடுத்ததும் அவர் கேட்பது ஒரே கேள்வி: “மக்ளே, சாப்பிட்டியா?” உலகத்தில் வேறு கேள்வியே இல்லையா என்று நான் கிண்டல் செய்வேன். சீக்கு வந்த பிறகு போன் அடித்தால் அதை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார். வீடியோ போட்டாலும் அங்கே படம் நின்று நின்று போகும், கையசைப்பது கூடத் தெரியாது. “அப்பா இருக்காவளா?” என்று அவள் கேட்பாள். “இருக்காவ” என்பேன். உடனே வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன்.

நான் எதிலும் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று நடக்கிறவள். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒருமுறை வரச் சொன்னார்கள். நான் ஒழுங்காகப் போகவில்லை. ஆண்டவர் நினைத்தால் ஒரு நொடி போதுமே, இதற்குப் பயிற்சி எதற்கு என்று இருந்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு நேர்ச்சை வைத்தேன். எங்கள் அன்பியத்தில், அதாவது பக்கத்து வீடுகள் கூடி வாரம் ஒருநாள் ஜெபிக்கிற கூட்டத்தில், ஜெபமாலையை முன்னால் சொல்லி நடத்துகிறவர் இவர்தான். செப்டம்பரில் மாதா பிறந்தநாள் அன்று இவரே மறுபடியும் முழு ஜெபமாலையையும் நடத்துவார் என்று நேர்ந்துகொண்டேன். அதை எல்லோரிடமும் சொல்லியும் வைத்தேன். அவரிடம் மட்டும் கேட்கவில்லை.

அந்த நாளும் வந்தது. வீடு நிறைய ஆட்கள். மெழுகுதிரி ஏற்றி, ஜெபமாலையை அவர் கையில் நான்தான் வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வாயைத் திறந்தார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம்தான் வந்தது. கன்னம் வழியே கண்ணீர் வடிந்தது. ஜெபமாலையை மாதா சுரூபத்தின் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன் பிறகு கோயிலுக்கும் வரவில்லை, ஜெட்டிப் பக்கமும் போகவில்லை.

நான் மாதாவிடம் சண்டை போட்டேன். இத்தனை நாள் கும்பிட்டதற்கு இதுவா என்று கேட்டேன். சண்டை போட்டுக் களைத்துப் போய்க் கடைசியில், “அம்மா, நான் என்ன கேக்கணும்னாவது சொல்லித் தா” என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்க வேண்டியதைக் கேட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவரை வற்புறுத்திப் பயிற்சிக்கு அழைத்துப்போனேன். அங்கே பயிற்சி கொடுத்தது ஒரு பெங்காலிப் பெண், எங்கள் ஜெசியின் வயதுதான் இருக்கும். ஹிந்தியில்தான் பேச்சு. எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஜெபமாலை நடத்த வேண்டும், பூசையில் வாசகம் வாசிக்க வேண்டும், போட் ஓட்டப் போக வேண்டும் என்று நான் அடுக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆண்ட்டி, இது உங்க ஆசை. அங்கிளுக்கு என்ன வேணும்?” என்று அவர் பக்கம் திரும்பினாள்.

அவர் இடது கையை நீட்டி என் மடியில் இருந்த போனைத் தொட்டார்.

என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. இத்தனை மாதம் ஒரே வீட்டில் இருந்தும் அவருக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்கவே இல்லையே.

அப்படித்தான் குறி வைத்தோம். உயிர்ப்பு ஞாயிறுக்குள், அதாவது ஈஸ்டருக்குள், மகளிடம் போனில் அந்த ஒரு கேள்வி. அவ்வளவுதான், அதற்கு மேல் எதுவும் இல்லை. ஆனால் அதையும் நேராகத் தொடக்கூடாது, முதலில் வாய்க்குப் பழகிய சின்னச் சொல் ஒன்றை எடுத்துத் தினமும் பலமுறை சொல்லிப் பார்க்க வேண்டும், வராவிட்டால் விட்டுவிட வேண்டும், திட்டக்கூடாது என்றாள் அந்தப் பெண். திட்டக்கூடாது என்பதை என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

பலமுறை சொல்ல நமக்கு ஜெபமாலை இருக்கிறதே! அருள் நிறைந்த மரியே ஐம்பத்து மூன்று தடவை. ஜெபம் முழுவதையும் நான் சொன்னேன். கடைசி ‘ஆமென்’ மட்டும் அவருக்கு. ஜெபமாலையின் ஒவ்வொரு மணியிலும் நிறுத்திக் காத்திருப்பேன். காத்திருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். முதல் வாரம் ஒன்றும் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. மூன்றாவது வாரம் ‘மே’ என்று ஒரு சத்தம். அக்டோபர் முடிவதற்குள் ‘ஆமென்’ வந்துவிட்டது. அடுப்படிக் காலண்டரில் பென்சிலால் ‘ஆமென்’ என்று எழுதிச் சுற்றிலும் ஒரு வட்டம் போட்டேன்.

அதற்குப் பிறகு ஆமெனுக்கு முன்னால் இருக்கிற ‘வேண்டிக்கொள்ளும்’. அது பெரிய சொல், கிறிஸ்துமஸ் வரை இழுத்தது. நடுவில் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தார், வந்த ஆமெனும் போய்விட்டது. முன்பு என்றால் நான் தலையில் அடித்துக்கொண்டிருப்பேன். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் ‘மே’யிலிருந்து தொடங்கினோம்.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை. கைக்குப் பயிற்சி கொடுக்கிறவர் ஒருநாள் வலிக்க இழுத்துவிட்டார். இவர் கணீரென்று, “ருக்கோ!” என்றார். ஹிந்தியில் நில் என்று அர்த்தம். போட் நிற்பதற்கு முன்னால் இறங்கப் பார்க்கிறவர்களிடம் தினமும் போடுகிற சத்தம் அது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ கோபம். நான் மாதக்கணக்கில் தமிழில் ஜெபிக்கிறேன், இந்த மனுஷனுக்கு ஹிந்தி வருகிறதே என்று மாதாவிடமே புகார் சொன்னேன்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின தவக்காலம் முழுவதும் ‘சாப்பிட்டியா’ தான். ஜெபமாலை முடிந்ததும் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சொல்லிப் பார்ப்போம். ‘சாப்’ வரும், மீதி வராது. உயிர்ப்பு ஞாயிறு வந்தது, போனது. குறித்த நாள் தவறிவிட்டது. அவர் முகம் வாடியது. “இருக்கட்டும், அடுத்த ஞாயிறு இருக்கு” என்றேன். இதை நானா சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியம்.

அதற்கடுத்த இரண்டாவது ஞாயிறு. ஜெசி போன் செய்தாள். இவர் எழுந்து பின்பக்கம் போகவில்லை, என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் ஸ்பீக்கரில் போட்டேன். அவள் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொன்னாள். இவர் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கடைசியில், “சரிம்மா, வைக்கட்டா?” என்றாள்.

“ருக்கோ!” என்றார் இவர்.

என் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டார். நான் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மகளும் காத்திருந்தாள்.

“மக்ளே... சாப்... சாப்பிட்டியா?”

அவள் விம்முவது எங்களுக்குக் கேட்டது. பிறகு, “இல்லப்பா. நீங்க கேட்டாச்சுல்லா, இனி சாப்பிடுதேன்” என்றாள்.

நான் குறை சொன்ன அந்த ஹிந்திச் சொல்லைத்தான் ஆண்டவர் முதலில் கொடுத்து வைத்திருந்தார். அது இல்லாவிட்டால் மகள் போனை வைத்திருப்பாள். அவருடைய கணக்கு நமக்கு எங்கே புரிகிறது? அவருக்குக் கோடி நன்றி.

இன்னும் முழுப்பேச்சு வரவில்லை. போட் ஓட்டப் போகவில்லை. ஆனால் கோயிலுக்கு வருகிறார், அன்பியத்தில் எல்லோரோடும் சேர்ந்து சத்தமாக ஆமென் சொல்கிறார். நானும் மாறியிருக்கிறேன். இப்போது ஒன்றை ஆரம்பிக்கும் முன் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறேன்.

உங்களில் யாராவது பெரிய மலை போன்ற கஷ்டத்தின் முன் நிற்கிறீர்கள் என்றால், ஆண்டவரிடம் ஒரு சொல் கேளுங்கள். நாளைக்கும் அதே சொல்லைக் கேளுங்கள், உங்கள் பங்குக்கு ஐம்பத்து மூன்று தடவை வாயைத் திறந்து பாருங்கள். அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். எங்கள் காலண்டரில் இந்த மாதம் பென்சிலால் எழுதியிருக்கும் சொல் ‘எப்ப வருவ’. ஜெசி கப்பலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள், அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் கேட்கட்டும் என்று காத்திருக்கிறோம்.