நிரை இல்லாத காட்டில் ஒரு வாத்தியார்

காட்டைப் பற்றிப் பாடம் நடத்துவது எப்படி என்று தோட்டப் பள்ளி வாத்தியார்களுக்குக் கோலாலம்பூரில் இரண்டு நாள் வகுப்பு வைக்கிறார்கள். போகலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இந்த ஆவணியில் போய்வந்தேன். ஆசைப்பட்டுப் போகவில்லை. எங்கள் வெள்ளைக்காரத் துரை, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியைக் கூப்பிட்டு, வகுப்பு உருப்படியானது என்று வாத்தியார் எழுதிக் கொடுத்தால் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குக் காட்டுப் பாடம், இல்லாவிட்டால் வழக்கம்போலப் புல் பிடுங்கட்டும் என்று சொல்லிவிட்டார். முப்பத்தொரு பிள்ளைகளின் சனிக்கிழமை என் தலையில் வந்து விழுந்தது.

தோட்டத்திலிருந்து கிள்ளான் ஐந்து மைல், மாட்டுவண்டியில் ஒன்றரை மணி நேரம். ஏழு மணி ரயிலில் மூன்றாம் வகுப்பு அறுபது காசு. எட்டேகாலுக்குக் கோலாலம்பூர். ஜன்னலோரம் வேண்டாம், கரி கண்ணில் விழும். நான் ஜன்னலோரம்தான் உட்கார்ந்தேன். வகுப்பு பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடியில். கீழே இட்டிலிக் கடை, பதினைந்து காசுக்கு வயிறு நிறையும். மேலே அறிவு இலவசம், நிறையும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

பாடம் நடத்தியவர் கந்தையா என்ற யாழ்ப்பாணத்துக்காரர். மரம் வெட்டும் அனுமதித் தாள்களைப் பதினேழு வருஷம் பதிவு செய்த அரசாங்க எழுத்தர். அவர் சுவரில் மாட்டிய வண்ணப் படத்தில் கூம்பு கூம்பாய் மரங்கள், மேலெல்லாம் வெள்ளை. "இது பனி. இஞ்சை பெய்யாது" என்றார். பன்னிரண்டு வாத்தியார்களும் அதை எழுதிக்கொண்டோம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இடைவேளையில் கேட்டேவிட்டேன்.

"ஐயா, நீங்க காட்டுக்குள்ள போயிருக்கீங்களா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்லை மாஸ்டர். மரமெல்லாம் கடுதாசியிலைதான் என்னட்டை வரும். ஒருக்காப் பாக்கவேணும் எண்டு கனநாள் ஆசை. தனியப் போகப் பயம்."

பொய் சொல்லத் தெரியாத மனிதரிடம் எவ்வளவு நேரம் கோபமாக இருப்பது? மறுநாள் மத்தியானம் வகுப்பு முடிந்ததும் இருவரும் ஆளுக்கொரு குடையோடு காட்டைப் பார்க்கக் கிளம்பினோம். ஒரு மணி பஸ், பகாங் ரோட்டில் பன்னிரண்டாவது மைல், முப்பது காசு. இறக்கிவிடும்போது டிரைவர் அந்தோணி சொன்னார்: "மேல போய்ட்டு ஒரு மணி நேரத்துல திரும்பிடுவேன். ரோட்டுல வந்து நில்லுங்க சார். இதான் கடைசி பஸ் லா."

கந்தையா தயங்கினார். நான்தான் பெரிய மனுஷனாக, "பயப்படாதீங்க. பத்து வருஷமா மரத்துக்குள்ளயேதான் குடியிருக்கேன்" என்றேன். தோட்டத்தில் வழி பார்ப்பது சுலபம். ரப்பர் மரங்கள் நிரை நிரையாக நிற்கும். மூன்று நிரை தாண்டிப் போனால், திரும்பி மூன்று நிரை தாண்டி வரவேண்டியதுதான். அதே கணக்கில் உள்ளே நடந்தேன். ஒன்று என்றேன். இரண்டு என்றேன். மூன்றாவது நிரை வரவேயில்லை. அப்புறம் பார்த்தால் முதலிரண்டும் நிரை இல்லை. திரும்பினால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தது.

"மாஸ்டர், ரோட்டு எந்தப் பக்கம்?"

"இருங்க, பாக்குறேன்" என்று முக்கால் மணி நேரம் பார்த்தேன். சும்மா நிற்கப் பிடிக்காமல் இறக்கை வைத்த விதைகளையும் பட்டை, இலைகளையும் பொறுக்கிப் பையில் போட்டேன். அப்போது பஸ்ஸின் ஹாரன் கேட்டது, காதுக்குப் பக்கத்திலேயே. புதரைப் பிளந்துகொண்டு வந்தால் ரோடு. அந்தோணி ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தார்.

"இருபது கஜம்கூட இல்ல சார். நான் வந்து பத்து நிமிஷமாச்சு, உங்க குடை ரெண்டும் சுத்திச் சுத்தி வர்றது இங்கேர்ந்தே தெரியுது. ஏதோ படிக்கிறீங்கன்னு தொந்தரவு பண்ணல."

பஸ்ஸில் கந்தையா காலுறையைக் கழற்றி, காலில் ஒட்டியிருந்த அட்டைப்பூச்சிகளை எண்ணினார். பதினொன்று. "பதினேழு வருஷத்திலை இப்பதான் காடு நேராய் என்னட்டை வந்திருக்கு" என்று முகமெல்லாம் மலர்ந்தார். நான் எண்ணவில்லை, எனக்கு அருவருப்பு.

ரயிலில் அறிக்கை எழுத உட்கார்ந்தபோது திண்டாட்டம். வகுப்பு மோசம் என்றால் பிள்ளைகள் புல் பிடுங்கவேண்டும். நன்று என்றால் எல்லா வாத்தியார்களும் வந்து பனியை எழுதிக்கொண்டு போவார்கள். கடைசியில் நடந்ததை எழுதினேன்: "வகுப்பு உதவாது. காட்டுப் பாடம் அவசியம். பத்து வருஷமாக மரங்களுக்கு நடுவில் வாழும் ஆசிரியர் ரோட்டிலிருந்து இருபது கஜத்தில் தொலைந்துபோனார். பிள்ளைகளும் அப்படி வளரவேண்டாம்." கிராணி அதை மொழிபெயர்த்துச் சொல்ல, துரை கண்ணில் நீர் வரும்வரை சிரித்து, சனிக்கிழமையைக் கொடுத்துவிட்டாராம். எனக்கு வெட்கம்தான், ஆனாலும் அன்று இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டேன்.

போகிறவர்களுக்கு: முதல் நாளைக் கீழே இட்டிலிக் கடையில் கழிக்கலாம். இரண்டாம் நாள் கந்தையாவைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போங்கள், இப்போது அவரே கூப்பிடுகிறார். அட்டைக்கு உப்புப் பொட்டலமும் புகையிலையும், வழிக்கு நீளமான கயிறும் அவசியம். பொறுக்கிய விதைகளைக் கொண்டுவந்து வகுப்பில் மேலே எறிந்தால் சுழன்றபடி இறங்கும். எந்தப் படமும் அதற்கு ஈடில்லை.

போன சனிக்கிழமை பிள்ளைகளை எங்கள் தோட்டத்து எல்லையில் இன்னும் வெட்டாத காட்டுக்குக் கூட்டிப்போனேன். கயிற்றின் ஒரு முனையை அங்கிருந்த ஓடைப் பாலத்தில் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகச் சொன்னேன். யாரும் உள்ளே போகவில்லை. முன்னால் நின்ற மூன்றாம் வகுப்பு முனியம்மா கேட்டாள்.

"உள்ள போனா யாரு சார் ஏசுவாங்க?"

"யாரும் ஏசமாட்டாங்க."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு காட்டுக்குள் ஓடினாள். அவள் பின்னால் முப்பது பேரும் ஓடினார்கள், கயிற்றை ஒருவரும் தொடவில்லை.