தடைக்காலத்து அந்தமான் டிக்கெட்

போன வாரம் கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி. நான் போகவிருந்த விமானத்தின் நிறுவனம் இன்னொன்றோடு இணைந்துவிட்டதாம். என் டிக்கெட் இனி புதுப்பெயரில் செல்லுமாம், புறப்படும் நேரம் மட்டும் கொஞ்சம் தள்ளிப்போகிறதாம். கோயம்புத்தூர் வரைக்குமான பயணம்தான். ஆனாலும் 'இணைப்பு' என்று படித்ததும், விமானம் நிஜமாகவே போகுமா என்று மகளை நாலு தடவை கேட்டுவிட்டேன். இதற்குப் போய் யாராவது பயப்படுவார்களா என்று அவள் சிரித்தாள். அவளுக்குத் தேவகியக்காவைத் தெரியாது.

தேவகியக்கா என்றாலே எனக்கு நெத்திலிக் கருவாட்டு வாசனைதான். அப்போது நான் சென்னை ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம், ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருந்த டிராவல்ஸில் வேலை பார்த்தேன். முதலாளி தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி. மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் இரண்டு மாதம் கட்டிக் கிடக்கும், காசிமேட்டு ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், குடும்பத்தோடு ஊர்சுற்ற அவர்களுக்கு வருடத்தில் அது ஒன்றுதான் நேரம். இதைக் கண்டுபிடித்து, 'தடைக்கால அந்தமான் டூர்' என்று போர்டு மாட்டிவிட்டார். கடலிலேயே கிடப்பவர்களுக்குக் கடலைக் காட்டப் போகிறாரே என்று நாங்கள் கேலி செய்தோம். ஆனால் கூட்டம் வந்தது. விமானத்தைக் கிட்டத்தில்கூடப் பார்த்திராத நான், பெல்ட் போடுவது எப்படி என்று துப்பட்டாவை இடுப்பில் சுற்றி அவர்களுக்குச் செய்து காட்டுவேன்.

தேவகியக்கா டூருக்கு வந்தவர் அல்ல. காசிமேட்டில் மீன் விற்பவர். அவருடைய அண்ணன் அந்தமானில், அடியில் கண்ணாடி பதித்த படகில் சுற்றுலாக்காரர்களுக்குப் பவளப்பாறை காட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் தீவுக்குப் போகும் விமானங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஒரு நிறுவனம் கடனில் தள்ளாடுகிறது, இன்னொன்று அதை வாங்கப் போகிறது, இரண்டும் ஒன்றாகிவிடும் என்றெல்லாம் பேச்சு. ஆட்கள் வராததால் அண்ணன் படகைக் கரையேற்றிவிட்டார். அந்தக் கவலையோ என்னவோ, படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தங்கச்சியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார்.

அக்கா கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டார். தடைக்காலம் என்பதால் வீட்டுக்காரர் கரையில் இருந்தார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். அடையாள அட்டையை ஜெராக்ஸ் எடுக்கத்தான் எங்கள் கடைக்கு வந்தார். மேஜைமேல் கருவாட்டுப் பை. தீவில் இல்லாத மீனா என்று கேட்டேன்.

"அங்க மீனு கீது பாப்பா. நம்ம காசிமேட்டு மீனு இல்லியே" என்றார்.

சும்மா ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை. கப்பல் வியாழக்கிழமை கிளம்பி ஞாயிற்றுக்கிழமைதான் போய்ச் சேரும், சனிக்கிழமை காலை விமானத்தில் ஏறினால் கப்பலுக்கு முன்னாலேயே அண்ணன் பக்கத்தில் இருக்கலாம் என்றேன். விமானமெல்லாம் நிக்குதுன்னு சொல்றாங்களே என்று அவர் தயங்கினார். அதெல்லாம் வதந்தி என்று ரொம்பத் தெரிந்தவள் மாதிரி சொன்னேன். உடம்பு முடியாதவரிடம் ஒருநாள் முன்னதாகப் போகட்டுமே என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. கப்பல் டிக்கெட்டை ரத்து செய்ய வைத்து, விமான டிக்கெட்டையும் நானே போட்டுக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை இரவோடு, இணைப்பு என்று சொல்லி அந்த விமான நிறுவனம் தீவுச் சேவையை நிறுத்திவிட்டது. சனிக்கிழமை அக்காவோடு நானும் விமான நிலையம் போனேன். கவுண்டரில் ஆளில்லை, ஒட்டிய காகிதம் மட்டும் இருந்தது. மருதாணிக் கையோடு ஒரு புதுப்பெண் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மிச்சமிருந்த ஒன்றிரண்டு விமானங்களில் அந்த வாரம் முழுக்க இடமில்லை. அடுத்த கப்பலுக்குப் பத்து நாள். நான் கவுண்டர் கவுண்டராக ஓடினேன். அக்கா கருவாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கப்பல் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அண்ணன் இறந்தது திங்கட்கிழமை காலையில்.

துக்கம் கேட்கப் போனேன். கூடம் நிறையப் பெண்கள். என்னைப் பார்த்ததும் அக்கா நகர்ந்து இடம் கொடுத்து, "இந்தப் பாப்பாதான் எனக்கோசரம் அலைஞ்சுது" என்று எல்லாரிடமும் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வியாழக்கெழம கப்பலு பொறப்பட சொல்லோ மாடில நின்னு பாத்துகினு இருந்தேன் பாப்பா. நீ போ, உனுக்கு முன்ன நான் பூடுவேன்னு சிரிச்சேன்."

அக்காவின் அந்த மாடி வீடு இப்போது இல்லை, அடுக்குமாடி வந்துவிட்டது. மாவு மில்லும் அண்ணாச்சியின் போர்டும் போயின. அந்த விமான நிறுவனத்தின் பெயரும் இன்று எங்கும் கிடையாது, கோபப்படவும் ஆளில்லை. தேவகியக்கா இறந்து நாலு வருடமாகிறது. கப்பலில் போகவிருந்தவரைத் தடுத்தது நான்தான் என்று அந்தக் கூடத்தில் என் வாயால் சொல்லியிருக்க வேண்டும். அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.